மின்னூலுக்கும் ஒரு பதிப்பாசிரியர் வேண்டும்

(பதிப்பாளர்கள், நூலகர்கள், மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அச்சுப் புத்தகங்களைத் தரமான மின்னூல்களாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மென்பொருள்களின் பட்டியலை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் என்று அப்போதே சொல்லிவிட்டேன். சிஜில், காலிபர், பான்டாக் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்தால் யாரும் பழகிக்கொள்ளலாம். நான் பேச வந்தது அந்த மென்பொருளின் முன்னால் உட்காருகிற ஆளைப் பற்றி. தமிழ் மின்னூல்கள் பல கெட்டுப்போய் வெளிவருவதற்குக் காரணம் கருவி இல்லாதது அல்ல. அந்த நாற்காலியில் நூலை வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லாததுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘என் புத்தகம் மின்னூலாக வந்துவிட்டது’ என்று நண்பர்கள் அனுப்புவது பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பு. அது அச்சகத்துக்குப் போக வேண்டிய பொருள். டெமி அளவுப் பக்கத்தை எங்கே கொண்டுபோனாலும் டெமி அளவாகவே வைத்திருக்கும். போனில் திறந்தால் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்; பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதில் எழுத்தே கிடையாது, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கும். ஆவணக் காப்புக்கு அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இப்படித்தான் காத்துவருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு அதன் அருமை தெரியும். ஆனால் காப்பது ஒரு வேலை, படிக்கத் தருவது வேறு வேலை.

படிக்கத் தருவதற்கு உரிய வடிவம் இபப். 2007இல் வந்தது, 2011இல் மூன்றாம் பதிப்பாக விரிந்தது, இப்போது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கிண்டிலில் தமிழ் வந்தது 2016 டிசம்பரில். அமேசானும் இன்று இபப் கோப்பை வாங்கித் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆகவே நல்ல இபப் ஒன்றைச் செய்துவிட்டால் கடைகள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால், கோப்புப் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சில இணையப் பக்கங்கள், தோற்றத்தைச் சொல்லும் ஒரு கோப்பு, படங்கள், எழுத்துருக்கள், எது முன் எது பின் என்று வரிசை சொல்லும் ஒரு பட்டியல். அவ்வளவுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அச்சுப் பக்கத்தில் ஒன்று இன்னது என்பதை அது நிற்கும் இடமும் அதன் பருமனுமே சொல்லிவிடும். மேலே, நடுவில், பெரிய எழுத்தில் இருந்தால் அத்தியாயத் தலைப்பு. அடியில் கோடு போட்டுச் சிறிய எழுத்தில் இருந்தால் அடிக்குறிப்பு. இரு பக்கமும் ஒடுங்கி நின்றால் மேற்கோள். இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கண் பழகிவிட்டது. இபப்பில் நிலையான இடம் என்று ஒன்று கிடையாது. எழுத்தின் பருமனை வாசகர் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வார். அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறித்தாக வேண்டும்: இது தலைப்பு, இது உபதலைப்பு, இது கதைக்குள் வரும் கடிதம், இது பாட்டு, இது உரை. எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கிவிட்டுத் தலைப்பு வைத்துவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு அது தலைப்புப் போலத் தெரியும். கணினிக்கு அது கொஞ்சம் தடித்த பத்தி. பொருளடக்கத்தில் அது வராது. யாராவது முழு நூலையும் வாசித்து இந்த முடிவுகளைச் செய்ய வேண்டும். தமிழில் அந்த வேலையைச் செய்பவரைப் பதிப்பாசிரியர் என்றுதான் அழைத்து வந்திருக்கிறோம்.

இது நமக்குப் புதிய அனுபவமும் அல்ல. ஓலையிலிருந்து தாளுக்கு வந்தபோது இதைவிடக் கடினமான மாற்றத்தைத் தமிழ் பார்த்துவிட்டது. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது வழக்கமில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டியிருக்காது. சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டு, ஒரே ஆண்டில், அச்சில் கொண்டுவந்தார்கள். ஏட்டில் உள்ளதை அப்படியே அச்சுக் கோப்பவரிடம் கொடுத்துவிடவில்லை அவர்கள். ஒவ்வோர் எழுத்தும் காலா ரகரமா என்று பொருளை வைத்து முடிவு செய்தார்கள்.

இந்தக் காலும் ரகரமும் 130 ஆண்டு கழித்து நம்மிடம் திரும்பி வந்திருக்கின்றன. பழைய நூலை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளிடம் கொடுங்கள். டெஸராக்ட் ஆனாலும் கூகுள் ஆனாலும், தேய்ந்த ஈய எழுத்தில் அச்சான பக்கம் என்றால் ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகும், ‘பாடல்’ என்பது ‘பரடல்’ ஆகும். காலுக்கு அடியில் தாளின் அழுக்கு ஒட்டியிருக்கும். ரகரத்தின் அடியில் உள்ள சிறு சாய்கோடு மை பிடிக்காமல் போயிருந்தால் ரகரம் காலாகிவிடும். புள்ளி மங்கியிருந்தால் ‘கல்வி’ ‘கலவி’ ஆகிவிடும். பாடநூல் ஒன்றில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளுக்குப் பழைய வடிவம் இருக்கும். அதைக் கணினிக்குள் எப்படி எழுதுவது என்று சிலர் குழம்புகிறார்கள். குழம்ப ஒன்றுமில்லை. ஒருங்குறியில் லகர ஐகாரம் எப்போதும் லகர ஐகாரம்தான். அது கொம்பு வளைந்த பழைய உருவில் தெரிவதும் இன்றைய உருவில் தெரிவதும் எழுத்துருவின் வேலை. பழைய தோற்றம் வேண்டுமென்றால் அந்த வடிவங்கள் உள்ள எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துவிடுங்கள், எழுத்தைத் தொடாதீர்கள்.

இதைவிட நயவஞ்சகமான பிழைகள் உண்டு. கண்ணுக்கே தெரியாதவை. தமிழ் எண் ஏழும் எகரமும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றும் ககரமும் அப்படியே, இரண்டும் உகரமும் அப்படியே, எட்டும் அகரமும் அப்படியே. ஓசிஆர் ‘என்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘௭ன்’ என்று எழுதிவிடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மெய்ப்புத் திருத்துபவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் வாசகர் ‘என்’ என்று தேடினால் அந்த இடம் கிடைக்காது. பார்வையற்ற வாசகருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் அங்கே ‘ஏழு’ என்று சொல்லும், அல்லது விழுங்கிவிடும்.

இன்னொன்று ஔகாரம். ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறி ஒரே எழுத்தின் உறுப்பு. பலர் கெகரத்தைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘கெளரவம்’ ஆக்கிவிடுகிறார்கள். ‘ஔவையார்’ ‘ஒளவையார்’ ஆனதும் இப்படித்தான். சொல்லடைவைக் கணினி அகர வரிசைப்படுத்தும்போது பாட்டி ஒகர வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். இந்தப் பிழைகளைக் கண்ணால் தேடக் கூடாது. தமிழ்ச் சொல்லுக்கு நடுவே தமிழ் எண் வருகிறதா, சொல்லின் முதலில் ஒகரத்தை அடுத்து ளகரம் வருகிறதா என்று தேடல் கட்டளை எழுதி ஒரே மூச்சில் பிடிக்க வேண்டும். ஆனால் பிடித்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘ஒளி’ ‘ஔி’ ஆகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘எங்களுக்கு ஸ்கேன் தொல்லை இல்லை, டிடிபி கோப்பே இருக்கிறது’ என்று பதிப்பாளர் சொன்னால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். கோப்பைத் திறக்கும்வரை. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அதையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது 2010இல். இருந்தும் நம் அச்சு உலகம் பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருக்களிலும் நெடுங்காலம் வாழ்ந்தது. இன்றும் வாழ்கிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். பாமினி போன்ற எழுத்துருவில் தமிழ் எழுத்து என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எம் எழுத்தின் மேல் அகரத்தின் படத்தை ஒட்டியிருப்பார்கள். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்துப் புள்ளி இருக்கும். இதை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள் அந்த எம் எழுத்தைக் கண்ட இடமெல்லாம் அகரமாக்கும். அப்போது நூலில் நிஜமாகவே ஆங்கிலத்தில் உள்ள மேற்கோள், மருந்தின் பெயர், வேதியியல் குறி எல்லாம் யாருக்கும் புரியாத தமிழாகிவிடும். ஆங்கிலப் பகுதிகளை முதலிலேயே அடையாளமிட்டு ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மாற்றத் தொடங்க வேண்டும்.

அடுத்தது, வரி முடிவில் என்டர் தட்டுகிற பழக்கம். பக்கம் அழகாக நிற்கட்டும் என்று அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு வரியையும் கையால் உடைத்திருப்பார். பத்தித் தொடக்கத்துக்கு ஐந்து முறை இடைவெளிப் பட்டை. கவிதையை நடுவில் நிறுத்த இன்னும் ஒரு கை இடைவெளி. இவை அனைத்தும் திரையில் கந்தலாகும்.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. கோப்பில் இருப்பதுதான் நூல் என்று நம்பிவிடுவது. ஒரு பதிப்பகம் நாவல் ஒன்றின் கோப்பைக் கொடுத்தது. அச்சு நூலோடு ஒப்பிட்டால், கதாநாயகி பிறந்த ஊர் கோப்பில் ஒன்றாகவும் நூலில் வேறாகவும் இருக்கிறது. விசாரித்ததில் தெரிந்தது: ஆசிரியர் கடைசி மெய்ப்பில் ஊரை மாற்றியிருக்கிறார்; நேரமில்லை என்று டிரேசிங் தாளில் வெட்டி ஒட்டித் திருத்தியிருக்கிறார்கள்; கோப்பில் யாரும் கைவைக்கவில்லை. அந்த நாவலில் இப்படி இன்னும் பல இடங்கள் இருந்தன. எல்லாம் ஆசிரியர் கடைசியாக யோசித்துச் செய்த திருத்தங்கள். கோப்பை அப்படியே மாற்றியிருந்தால் அவர் கழித்துப்போட்ட வரைவை விலை வைத்து விற்றிருப்போம். அதனால் கோப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அச்சான நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

எந்த அச்சான நூல் என்பது அடுத்த கேள்வி. பழைய எழுத்தாளர் என்றால் இதழில் வந்த வடிவம், முதல் தொகுப்பு, பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் என்று பல இருக்கும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த பதிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சிறுகதை எத்தனை இடத்தில் எத்தனை விதமாக நிற்க முடியும் என்று. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பிரதியை எடுத்து அட்டை போட்டு விற்பவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஒற்று மிகுந்ததையும் மிகாததையும் இன்றைய விதிப்படி ‘சரிசெய்து’ கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் நூல் அல்ல என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது பக்கத்துக்குள் வருவோம். தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது இணைப்புக்கோடு போடாமல் விடுவது பரவலான வழக்கம். வரியின் கடைசியில் ‘வந்து’ இருக்கிறது; அடுத்த வரி ‘விட்டான்’ என்று தொடங்குகிறது. திரையில் வரி மாறும்போது இதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? ‘வந்துவிட்டான்’ என்றால் வந்தாயிற்று. ‘பெண்ணை ஊரில் கொண்டுவந்து விட்டான்’ என்றால் வேறு. எந்த மென்பொருளும் இதை உங்களுக்காகத் தீர்க்காது. அதே நூலில் அதே ஆசிரியர் வரியின் நடுவில் இந்தச் சொல்லை எப்படி எழுதுகிறார் என்று தேடிப் பார்ப்பதே வழி. துணைவினைகளைச் சேர்த்து எழுதுபவரா பிரித்து எழுதுபவரா என்பது சில பக்கத்தில் பிடிபட்டுவிடும்.

கதைகளில் காட்சி மாறும்போது ஒரு வரி வெற்றாக விட்டிருப்பார்கள். அந்த வெற்று வரி பக்கத்தின் அடியில் போய் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஓசிஆருக்கும் தெரியாது. மின்னூலில் முந்தின காட்சியும் அடுத்த காட்சியும் ஒட்டிக்கொள்ளும். சென்னையில் பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த வாக்கியத்தில் திருநெல்வேலியில் குளித்துக்கொண்டிருப்பார். கதையை வாசிக்கிறவர்தான் இதைப் பிடிக்க முடியும். பிடித்த இடத்தில் வெறும் இடைவெளி விடாமல் மூன்று உடுக்குறி போட்டுவிடுவது பாதுகாப்பு.

செய்யுள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் மின்னூல்களில் அதிகம் அடிபடுவது அதுதான். குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. அச்சில் எந்தத் தாளிலும் அது இரண்டு வரியாக நிற்கும். போனில், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வயதானவரின் திரையில், முதலடியின் நான்காம் சீர் கீழே விழும். இரண்டாமடியின் மூன்றாம் சீரும் விழும். இப்போது பார்வைக்கு நான்கு வரி. எது அடி, எது மடங்கிய மிச்சம் என்று தெரியாது. குறள் பலருக்கு மனப்பாடம், அதனால் பிழைத்தது. அகநானூற்று ஆசிரியப்பா இப்படி விழுந்தால் என்ன செய்வீர்கள்?

பலர் இதற்குச் செய்வது இரண்டில் ஒன்று. பாட்டைப் படமாக எடுத்து ஒட்டுவது ஒன்று. தேட முடியாது, பெரிதாக்க முடியாது, இரவு நேரக் கறுப்புத் திரையில் வெள்ளைச் சதுரமாகக் கண்ணைக் குத்தும். நடுவில் சீரமைத்துவிடுவது மற்றொன்று. அதில் மடங்கிய சீரும் நடுவில் போய் நின்று, பாட்டு திருமண அழைப்பிதழ் போல ஆகிவிடும். சரியான வழி எளியது. ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்து, அடி இடது ஓரத்தில் தொடங்கவும், மடங்கி விழும் சீர் இரண்டெழுத்து அளவு உள்ளே தள்ளி நிற்கவும் தோற்றக் கோப்பில் சொல்லிவிட வேண்டும். இரண்டு வரிக் கட்டளை அது. திரை எவ்வளவு குறுகினாலும் அடியின் தொடக்கம் எது என்று வாசகர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதுக்கவிதைக்கு இது இன்னும் அவசியம். அங்கே வரி எங்கே உடைகிறது என்பதுதான் கவிஞர் செய்த வேலையில் பாதி.

மூலமும் உரையும் கலந்த நூல்களில் இன்னொரு சிக்கல். சாமிநாதையர் பதிப்பில் ஒரே பக்கத்தில் மூலம், உரை, பாடபேதம், ஒப்புமைப் பகுதி என்று அடுக்கடுக்காக இருக்கும். திரையில் அடுக்குக்கு இடமில்லை. அடிக்குறிப்புகளை அத்தியாய முடிவுக்குத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் நிறுத்தினால் யாரும் படிக்கப்போவதில்லை. இபப் மூன்றில் குறிப்பு எண்ணைத் தொட்டால் குறிப்பு அங்கேயே சிறு பெட்டியாக எழும்படி செய்யலாம். ஆப்பிள் புக்ஸ், கிண்டில் இரண்டும் அதைக் காட்டும். ஆனால் நூலின் இயல்பை நினைத்து முடிவு செய்யுங்கள். பாடபேதம் பெட்டியில் எழுந்தால் நல்லது. நீண்ட உரை பெட்டிக்குள் போனால் மூச்சுத் திணறும். அது பாட்டுக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஆய்வு மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. ‘மின்னூலில் பக்க எண் இல்லை, எப்படி மேற்கோள் காட்டுவது’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அச்சு நூலின் ஒவ்வொரு பக்கமும் எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்து, பக்கப் பட்டியல் ஒன்றைக் கோப்பில் சேர்க்க இபப் இடம் தருகிறது. 143ஆம் பக்கத்துக்குப் போ என்றால் அச்சு நூலின் 143ஆம் பக்கத் தொடக்கத்துக்கே போகும். கடைசியில் உள்ள சொல்லடைவும் அப்போது உயிர்பெறும். எண்ணைத் தொட்டால் இடம் வரும். தமிழில் இதைச் செய்த நூல்கள் என் கண்ணில் மிகக் குறைவாகவே பட்டிருக்கின்றன. சொல்லடைவையே வெட்டி எறிந்துவிட்டு, ‘தேடும் வசதி இருக்கிறதே’ என்கிறார்கள். தேடினால் சொல் கிடைக்கும். ஆசிரியர் பெயர் சொல்லாமல் ஒருவரைக் குறிப்பிட்ட இடம் கிடைக்காது. சொல்லடைவு செய்தவர் அதையும் சேர்த்திருப்பார்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். தமிழில் கி, கீ மேலே ஏறும். மு, ஞூ கீழே இறங்கும். ஆங்கில நூலுக்கு வைக்கும் வரி இடைவெளியில் பாதி கூடுதலாகக் கொடுங்கள். இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நீண்ட தமிழ்ச் சொற்கள் குறுகிய திரையில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழவைக்கும். ஆங்கிலத்தைப் பார்த்து எழுத்தைச் சாய்க்காதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து என்று தனியாக வரைந்தது கிடையாது. மென்பொருள் தானாகச் சாய்த்துக் காட்டுவது பார்க்கச் சகிக்காது. எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். இரவுத் திரையில் கறுப்பில் கறுப்பு எழுதிய நூலாகிவிடும். எழுத்துருவைச் சேர்க்குமுன் அதன் உரிமத்தைப் பாருங்கள். டிடிபிக்கு வாங்கிய எழுத்துருவை மின்னூலில் வைத்து விற்க உரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. நோட்டோ, மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இருக்கும்போது வம்பு எதற்கு?

உரிமம் என்றதும் படங்கள் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவில் ஆசிரியர் காலமான பிறகு 60 ஆண்டுவரை காப்புரிமை உண்டு, இலங்கையில் 70. எழுத்து பொதுவுக்கு வந்துவிட்டது என்பதால் படமும் வந்துவிட்டதாகாது. தொடர்கதைக்கு ஓவியம் வரைந்தவரின் காலம் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நூல் நாட்டுடைமையானால் ஓவியமும் நாட்டுடைமை என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். பழைய ஒப்பந்தங்களில் மின்னூல் என்ற சொல்லே இராது என்பதையும் பதிப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்றுக்கொண்டது இந்தியா, 2014இல். சட்டம் வழிவிட்டுவிட்டது. கோப்பு வழிவிட வேண்டும். கோப்பின் மொழி தமிழ் என்று டி-ஏ என்ற ஈரெழுத்துக் குறியால் சொல்லாவிட்டால், வாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலை எடுக்காமல் போகலாம். படத்துக்கு அது என்ன படம் என்று இரண்டு வரி விளக்கம் எழுதாவிட்டால் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இதைச் செய்வதால் நமக்கே ஒரு பெரிய உதவி கிடைக்கிறது. முன்பெல்லாம் அச்சகத்தில் ஒருவர் மூலத்தை வாசிக்க, ஒருவர் மெய்ப்பைப் பார்ப்பார். இப்போது போன் வாசிக்கட்டும், நீங்கள் அச்சு நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நம் கண் இருக்க வேண்டியதைப் படித்துக்கொண்டு போகும். இயந்திரம் இருப்பதை மட்டும்தான் படிக்கும். ‘கரலம்’ காதில் விழுந்தால் தூக்கிவாரிப்போடும்.

இபப்செக் என்ற சோதனை மென்பொருள் கோப்பின் கட்டமைப்பில் பிழை உண்டா என்று சொல்லும். அதில் தேறினால்தான் கடைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அது தேர்ச்சி கொடுத்த நூலில் மூன்றாம் அத்தியாயம் இல்லாமலே இருக்கலாம். அதற்கு அது தெரியாது. விலை உயர்ந்த டேப்லெட்டில் பார்த்துத் திருப்திப்படாமல், மலிவான ஆண்ட்ராய்டு போனில், எழுத்தை அதிகபட்சம் பெரிதாக்கி, இரவுத் திரையில் ஒருமுறை பாருங்கள்.

நூலின் தொடக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த அச்சுப் பதிப்பை மூலமாகக் கொண்டது, மெய்ப்பு பார்த்தவர் யார், எந்த வகைத் திருத்தங்கள் செய்யப்பட்டன, கோப்பு கடைசியாக என்று திருத்தப்பட்டது என்பதை எழுதுங்கள். தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஆரம்பத்திலிருந்தே தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்களை நூலின் முகப்பில் போட்டுவருகிறது. கூலி வாங்காத தன்னார்வலர்கள் செய்யும் வேலையில் இருக்கும் இந்த ஒழுங்கு, விலைக்கு விற்கும் பல மின்னூல்களில் இல்லை. வாசகர் பிழையைக் கண்டு எழுதினால் யாருக்கு எழுதுவது என்றும் அங்கே இருக்க வேண்டும். அச்சு நூல் என்றால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும். இங்கே அன்று மாலையே திருத்திவிடலாம்.

கடைசியாகக் கூலி. ‘பக்கத்துக்கு எவ்வளவு?’ என்றுதான் எல்லாப் பதிப்பாளர்களும் கேட்கிறார்கள். டிடிபியில் பழகிய கணக்கு. ஓரளவு சுத்தமான கோப்புள்ள நாவலுக்கு அந்தக் கணக்கு சரிவரும். 1930களில் அச்சான உரைநூலுக்கு வராது. அதில் ஒரு பக்கம் நாவலின் பத்துப் பக்க வேலையைக் கேட்கும், அதையும் உரை வாசிக்கத் தெரிந்தவர்தான் செய்ய முடியும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்பவர் வந்தால் நாவலைக் கொடுங்கள், உரைநூலைக் கொடுக்காதீர்கள். நேரம் ஆகிவிட்டது. கோப்பு கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், திறந்து பார்த்தே பேசலாம்.